14 மைல் உப்புப் பாதை: ஜெனசீ–வயோமிங் ரயில் கம்பெனியும் அமெரிக்கக் குறும்பாதைகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ரயில்பாதைகள் இன்று இந்தியாவில் உள்ளதுபோல ஒரே அரசு அமைப்பின் கீழ் இயங்குபவை அல்ல. தண்டவாளம், அது கிடக்கும் நிலம், எஞ்சின், வேகன் ஆகியவற்றில் பெரும்பகுதி தனியார் கம்பெனிகளின் உடைமையாகவே இருந்துவருகிறது. அக்கம்பெனிகளுள் கண்டத்தின் பாதியை அளக்கும் சில பேரமைப்புகளை வெளியுலகம் ஓரளவு அறியும். அவற்றின் தடங்களிலிருந்து கிளைத்து, ஒரு சுரங்கத்தையோ காகித ஆலையையோ தானியக் கிடங்கையோ எட்டியவுடன் முடிந்துவிடும் சிறு கம்பெனிகள் ஏறத்தாழ 600 உள்ளன என்பதும், நாட்டின் சரக்குப் பாதைகளில் பத்தில் மூன்று பங்கு அவற்றின் பொறுப்பில் இருக்கிறது என்பதும், ஓடும் வேகன்களில் ஐந்தில் ஒன்று தன் பயணத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ அவற்றின் தடத்தைத் தொடுகிறது என்பதும் அவ்வளவாக அறியப்படாதவை. ரயில் வழக்கில் இவற்றுக்கு ‘ஷார்ட் லைன்’ என்று பெயர். இக்கட்டுரையில் இவை குறும்பாதைகள் எனவும், இவை போய்ச் சேரும் நெடுந்தொலைவுத் தடங்கள் பெரும்பாதைகள் எனவும் குறிக்கப்படும்.

சட்டம் குறும்பாதையை நீளத்தால் அளப்பதில்லை. ரயில் கம்பெனிகளின் ஆண்டு இயக்க வருவாயைக் கணக்கிட்டு, அவற்றை மூன்று வகுப்புகளாகப் பிரித்து, பணவீக்கத்துக்கு ஏற்ப வருவாய் வரம்பை அவ்வப்போது உயர்த்திவருவது அங்குள்ள முறை. மூன்றாம் வகுப்பில் விழுபவையே பெரும்பாலும் குறும்பாதைகள். இந்தியத் தொழிற்சாலைகளுக்குள் நுழையும் ‘சைடிங்’ என்னும் தனியார் தண்டவாளத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சைடிங் தன் உரிமையாளரின் சரக்கை மட்டும் ஏற்க, குறும்பாதையோ எத்துணைச் சிறியதாயினும் முழு ரயில் கம்பெனி. கேட்டுவரும் எவருடைய சரக்கையும் அறிவித்த கட்டணத்தில் ஏற்றிச் செல்லச் சட்டப்படி கடமைப்பட்டது. இந்தக் கடமைக்கும், நடைமுறையில் ஒரே வாடிக்கையாளரை நம்பிப் பிழைக்கும் அதன் நிலைக்கும் இடையிலான முரண்தான் குறும்பாதைகளின் வரலாறு நெடுகிலும் காணப்படுவது. அம்முரணை மிகத் தெளிவாகக் காட்டும் கம்பெனி, நியூயார்க் மாநிலத்தின் மேற்கில் லிவிங்ஸ்டன் கவுண்டியில் 1899இல் தோன்றிய ஜெனசீ அண்ட் வயோமிங் ரயில்ரோடு ஆகும். அதன் நீளம் 14 மைல், அதாவது ஏறத்தாழ இருபத்திரண்டரைக் கிலோமீட்டர். அதன் சரக்கு உப்பு.

நியூயார்க் மாநிலத்தில் உப்பு புதிய பொருளன்று. அதன் நடுப்பகுதியில், சிரக்கியூஸ் நகரை ஒட்டிய ஊற்றுகளின் உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே செழித்திருந்தது. 1825இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாயின் கட்டுமானச் செலவில் ஒரு பகுதி அந்த உப்பின்மீது விதித்த வரியிலிருந்து வந்தது. மேற்குப் பகுதியின் உப்பு அவ்வாறு மேலே ஊறி வருவதன்று. 1878இல் வயோமிங் கவுண்டியில் எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள், எதிர்பார்த்தது கிட்டாமல், நிலத்தின் ஆழத்தில் கெட்டிப்பட்டுக் கிடந்த பாறையுப்புப் படிவத்தைக் கண்டனர். நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு வற்றிய ஒரு கடலின் எச்சம் அது. தமிழர் சமையலறையில் கல்லுப்பு என்று வழங்கும் பரலுப்பு உப்பளத்தில் விளைவது. இதுவோ நிலக்கரியைப் போலச் சுரங்கம் தோண்டி வெட்டியெடுக்க வேண்டிய, இந்துப்பின் இனத்தைச் சேர்ந்த உப்பு.

வெட்டியெடுக்கும் முயற்சி அண்டையிலுள்ள லிவிங்ஸ்டன் கவுண்டியில் 1884இல் தொடங்கி, ஏறக்குறைய ஆயிரம் அடி ஆழத்துக்குச் செங்குத்தான குழி இறக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் உப்பு மேலே வந்தது. முன்னின்று நடத்திய வில்லியம் ஃபாஸ்டர் தம் குடும்பப் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கிச் சுரங்கத்துக்கு ரெட்சாஃப் என்று பெயரிட, சுற்றி எழுந்த குடியிருப்புக்கும் அப்பெயரே நிலைத்தது. ‘அறையும் தூணும்’ எனப்படும் முறையில், உப்புப் படிவத்தை அறை அறையாகக் குடைந்து, மேற்கூரையைத் தாங்குவதற்காக இடையிடையே உப்பையே தூண்களாக வெட்டாமல் விட்டுச் செல்வர். எவ்வளவு பெரிய தூண்களை விடுவது என்பது எவ்வளவு உப்பை இழப்பது என்பதோடு சேர்ந்த கணக்கு. நூறாண்டுகளுக்குப் பின் இச்சுரங்கத்தின் விதியைத் தீர்மானித்ததும் அந்தக் கணக்கே.

உப்பு எடையில் மிகுந்து விலையில் குறைந்த பண்டமாதலால், சுரங்கத்தின் வாயில் கிடக்கும்வரை அதற்கு மதிப்பு ஏதுமில்லை. சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் கூலிதான் அதன் விலையில் பெரும்பங்கு. இறைச்சி பதப்படுத்துவோர், தோல் பதனிடுவோர், கால்நடை வளர்ப்போர், இரசாயன ஆலைகள் என வாங்குவோர் பலராயினும் எல்லோரும் தொலைவில் இருந்தனர். சுரங்கத்துக்குச் சில மைல் தொலைவிலேயே பெரும்பாதைகள் பல ஓடின. அவற்றைச் சுரங்கத்தோடு இணைக்கும் நோக்கில் 1891இல் ஜெனசீ அண்ட் வயோமிங் வேலி ரயில்வே என்ற கம்பெனி அமைந்து, சில ஆண்டுகளிலேயே கடனில் மூழ்கியது. திவாலான அக்கம்பெனியை 1899இல் வாங்கி, பெயரிலிருந்து ‘வேலி’ என்ற சொல்லை நீக்கி மறுபடி தொடங்கியவர், பென்சில்வேனியா மாநிலத்து ஸ்கிரான்டன் நகரைச் சேர்ந்த எட்வர்ட் எல். ஃபுல்லர். இரண்டே ஆண்டுகளில் பல உப்புத் தொழில்களை ஒன்றாக இணைத்து உருவான இன்டர்நேஷனல் சால்ட் கம்பெனியின் தலைவர் பொறுப்பும் அவரிடமே வந்தது. உப்பின் முதலாளியும் அதைச் சுமக்கும் ரயிலின் முதலாளியும் ஒருவரே என்ற இந்த நிலை தற்செயலானதன்று. அக்காலத்து அமெரிக்கக் குறும்பாதைகளுள் கணிசமானவை இவ்வாறே பிறந்தவை.

அதற்குக் காரணம், ரயில் கட்டணம் பங்கிடப்பட்ட விதத்தில் இருந்தது. ஒரு வேகன் மூன்று கம்பெனிகளின் தடங்களைக் கடந்து போனாலும் அனுப்புவோர் மூன்று கட்டணம் செலுத்துவதில்லை; தொடக்க இடத்திலிருந்து சேருமிடம்வரை ஒரே கூட்டுக் கட்டணம் அறிவிக்கப்படும். அத்தொகையைக் கம்பெனிகள் தமக்குள் பிரித்துக்கொள்ளும் பங்குக்கு ‘டிவிஷன்’ என்று பெயர். தூரத்தை மட்டும் வைத்துப் பிரித்தால், 500 மைல் பயணத்தில் 14 மைல் சுமந்த குறும்பாதைக்குச் சில்லறையே மிஞ்சும். ஆனால் வெற்று வேகனைச் சுரங்கத்துக்குள் கொண்டுநிறுத்துவது, நிரம்பியதும் வெளியே இழுப்பது, எடைபோடுவது, வரிசைப்படுத்துவது, பெரும்பாதையின் கையில் ஒப்படைப்பது ஆகிய உழைப்பு மிகுந்த வேலைகள் அனைத்தும் அந்த 14 மைலுக்குள்தான் நடக்கின்றன. ஆகவே தூரத்துக்கு மிஞ்சிய பங்கைக் குறும்பாதைகள் கோரின. போட்டிக் கம்பெனியிடம் அச்சரக்குப் போய்விடக் கூடாது என்ற அச்சத்தால் பெரும்பாதைகளும் கொடுத்தன. ரெட்சாஃப் பாதை இவ்வகையில் கொடுத்துவைத்தது. கிரெக்ஸ்வில்லில் லாக்கவானா பாதையையும், கலிடோனியாவுக்கு அருகில் லீஹை வேலி, நியூயார்க் சென்ட்ரல், பஃபலோ–ராச்செஸ்டர்–பிட்ஸ்பர்க் ஆகிய பாதைகளையும் அது தொட்டது. ஒருவர் கொடுக்கும் பங்கு போதவில்லையெனில் மற்றொருவரிடம் போகலாம் என்ற பேரம் பேசும் வலிமை அந்தச் சிறு நீளத்துக்கு இருந்தது. குறும்பாதையின் மதிப்பை அதன் மைல் கணக்கால் அன்றி அதன் முனைகளில் எத்தனை பெரும்பாதைகள் வந்து நிற்கின்றன என்பதால் அளப்பதே முறை.

ஆனால் ஆலை முதலாளியே ரயில் முதலாளியாகவும் இருக்கையில், பெரும்பாதை கொடுக்கும் கொழுத்த பங்கு உண்மையில் ஆலைக்குக் கொடுக்கும் மறைமுகத் தள்ளுபடியே அல்லவா என்ற வினா எழுந்தது. பெரிய வாடிக்கையாளர்களுக்கு இரகசியமாகக் கட்டணத்தைத் திருப்பித் தருவதை 1903இன் எல்கின்ஸ் சட்டம் தடைசெய்திருந்தது. சொந்தமாகப் பத்து மைல் தண்டவாளம் போட்டு, அதற்கு ரயில் கம்பெனி என்று பெயரிட்டு, அதன் வழியே அத்தொகையைப் பெற்றுக்கொள்வது அச்சட்டத்தைத் தாண்டும் சுவரேணியாகி விடும். ரயில் கட்டணங்களை மேற்பார்த்த மாநிலங்களுக்கிடை வணிக ஆணையம் தென்மாநிலங்களின் மரக் கம்பெனிகள் நடத்திய இத்தகைய பாதைகள் சிலவற்றுக்குப் பங்கு தரலாகாது என ஆணையிட, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1914இல் வந்த தீர்ப்பு, உரிமையாளர் யாராயினும், பொதுமக்களின் சரக்கை ஏற்கக் கடமைப்பட்டு அவ்வாறே நடந்துவரும் பாதை ரயில் கம்பெனிதான் என்று உரைத்தது. பங்கு வரம்புமீறிப் போகாமல் பார்ப்பது ஆணையத்தின் வேலை என்றும் சொன்னது. குறும்பாதைகளின் சட்ட வரலாற்றில் இதற்கு ஒப்பான திருப்பம் 1980வரை வேறில்லை. குறும்பாதைகள் தமக்கெனச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டதும் இதே காலத்தில், 1913இல். 1920ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் ஒருபடி மேலே சென்று, நலிந்த பாதைகளின் தேவையைக் கருதிப் பங்கீட்டைத் திருத்தும் அதிகாரத்தை ஆணையத்துக்கு வழங்கியது. அதே சட்டம், எந்தப் பாதையையும் ஆணையத்தின் அனுமதியின்றிக் கைவிடக் கூடாது என்றும் விதித்தது. காக்கும் எண்ணத்தில் எழுதப்பட்ட அவ்விதி, பின்னாளில் நட்டத்தில் ஓடும் தடங்களைச் சாகவும் விடாமல் வாழவும் விடாமல் கட்டிவைத்தது.

குறும்பாதையின் அன்றாடச் சேவை பார்வைக்கு எளியது. காலையில் ஒரு எஞ்சினோடு இருவர் அல்லது மூவர் கொண்ட குழு புறப்பட்டு, பெரும்பாதை முந்தைய இரவு விட்டுச்சென்ற வேகன்களைச் சந்திப்பு யார்டில் சோதித்துச் சேர்த்துக்கொண்டு, வழியிலுள்ள ஒவ்வொரு வாடிக்கையாளரின் தடத்திலும் எந்த வேகன் எந்த வாசலுக்கு நேராக நிற்க வேண்டும் என்பதற்கேற்பத் தள்ளியும் இழுத்தும் நிறுத்திவிட்டு, நிரம்பியவற்றைத் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைக்கும். வேகம் இங்கே பொருட்டில்லை. அமெரிக்கக் கூட்டரசு ரயில் நிர்வாகத்தின் தர அளவையில் முதல் தரப் பாதையில் சரக்கு ரயில் மணிக்கு 10 மைலுக்கு மேலும், இரண்டாம் தரப் பாதையில் 25 மைலுக்கு மேலும் ஓடக் கூடாது. தரம் கூடக்கூட எண்ணும் கூடும் இவ்வரிசையில் குறும்பாதைகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டு அடித்தளப் படிகளில் நிற்பவையே. இத்தகைய பாதையில் வாடிக்கையாளர் வாங்குவது வேகத்தை அன்று, கவனிப்பை. நூறு வேகன் கோத்த வண்டியை ஆயிரம் மைல் ஓட்டி இலாபம் காண்கிற பெரும்பாதைக்கு, இரண்டு வேகனுக்காக ஒரு கிளைத்தடத்தில் அரைநாள் எஞ்சினை நிறுத்திவைப்பது நட்டம். குறும்பாதைக்கோ அந்த இரண்டு வேகனே தொழில். லாரியிலிருந்து வேகனுக்கும் வேகனிலிருந்து லாரிக்கும் சரக்கை மாற்றிக் கொடுப்பது, பெரும்பாதைக்குத் தற்காலிகமாகத் தேவைப்படாத வேகன்களை வாடகைக்கு நிறுத்திவைப்பது, பழுதுபார்ப்பது ஆகிய துணைத் தொழில்களும் காலப்போக்கில் இதனோடு சேர்ந்தன.

1970களில் இவற்றுக்கு விசித்திரமான வருமானம் ஒன்றும் வந்தது. ஒரு கம்பெனியின் வேகன் வேறொரு கம்பெனியின் தடத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை தரப்பட வேண்டும் என்பது விதி. மூடிய வேகன்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, புதியன கட்டுவோரை ஊக்குவிக்க ஆணையம் அந்நாள்வாடகையை உயர்த்தியது. உடனே முதலீட்டாளர்கள் சில மைல் நீளமே உள்ள குறும்பாதைகளின் பெயரில் நூற்றுக்கணக்கில் வேகன்களைக் கட்டி, கண்கவர் வண்ணம் பூசி, நாடெங்கும் அலையவிட்டனர். ஒரு கம்பெனியின் வேகன்கள் அனைத்தும் ஒரே நாளில் வீடு திரும்பினால் நிறுத்தத் தண்டவாளம் போதாது என்ற நிலையிலும் இது இலாபமாகவே நடந்தது; 1980களின் தொடக்கத்தில் வணிக மந்தம் வந்தபோது உண்மையிலேயே அவை திரும்பின.

ரெட்சாஃபைப் பொறுத்தவரை அதற்கு முன்பே வேறொரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்களும் நெடுஞ்சாலைகளும் பெருகி, பனிக்காலத்திலும் சாலை திறந்திருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வட மாநிலங்களில் நிலைபெற்றபோது, உறைபனியை உருக்கச் சாலையில் பாறையுப்பைக் கொட்டும் வழக்கம் பரவியது. சுத்தம் தேவைப்படாத, அளவு மட்டும் தேவைப்படுகிற இச்சந்தைக்கு ரெட்சாஃபின் சாம்பல்நிற உப்பு போதுமானதாக இருந்தது. ரயிலைத் தோற்கடித்த அதே நெடுஞ்சாலை இச்சிறு ரயிலுக்குச் சரக்கைத் தந்தது என்பது அக்கால வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. ஆனால் சாலையுப்பு வானிலையை நம்பிய வணிகம். கடும்பனி பெய்த ஆண்டில் வேகன் கிடைக்காது, இதமான குளிர்காலத்துக்குப் பின் மலைமலையாக உப்பு தேங்கிக் கிடக்கும்.

இதற்கிடையே, 14 மைல் பாதையின் வலிமையாக இருந்த அண்டைப் பெரும்பாதைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. 1916இல் ஏறத்தாழ 2,54,000 மைலாக உச்சம் தொட்ட அமெரிக்க ரயில் வலையமைப்பு அதன்பின் சுருங்கியே வந்தது. வடகிழக்கில் அச்சுருக்கம் நோயாக முற்றி, 1970 ஜூனில், நியூயார்க் சென்ட்ரலைத் தன்னுள் கொண்டிருந்த பென் சென்ட்ரல் கம்பெனி திவாலானதும் வெளிப்படையாயிற்று. லீஹை வேலியும் ஈரி லாக்கவானாவும் அதே வழியில் செல்ல, நொடித்த கம்பெனிகளின் தடங்களைத் தொகுத்து அரசு அமைத்த கான்ரெயில் 1976 ஏப்ரல் 1 அன்று இயங்கத் தொடங்கியது. கான்ரெயிலின் திட்டத்தில் இடம்பெறாத ஆயிரக்கணக்கான மைல் கிளைப்பாதைகள் அனாதையாயின. அவற்றிற் சிலவற்றை மாநில அரசுகள் வாங்கிச் சிறு கம்பெனிகளிடம் நடத்தக் கொடுத்தன. ஒருவருக்கொருவர் போட்டியாக நின்ற பெரும்பாதைகளில் பெரும்பாலானவை ஒரே கான்ரெயிலுக்குள் கலந்துவிட்டதால், ரெட்சாஃப் பாதைக்கு முன்பிருந்த பேரம் பேசும் இடம் சுருங்கியது.

இந்நிலையில் 1977இல், நிறுவனரின் கொள்ளுப்பேரனாகிய மூன்றாம் மார்ட்டிமர் ஃபுல்லர் கம்பெனியின் ஆதிக்கப் பங்குகளை வாங்கித் தலைமை ஏற்றார். எண்பது ஆண்டுகளாகக் கம்பெனிக்கு இருந்தது ஒரே வாடிக்கையாளர். அந்த வாடிக்கையாளரும் அப்போது ஃபுல்லர் குடும்பத்தின் கையில் இல்லை, 1970இலேயே அக்ஸோ என்ற டச்சு நிறுவனத்தின் வட்டத்துக்குள் போயிருந்தது. சுரங்கம் தும்மினால் ரயில் படுத்துவிடும் என்ற இந்நிலையை மாற்ற வேறு பாதைகளை வாங்குவது ஒன்றே வழி என்பது அவருடைய முடிவு. அம்முடிவைச் செயற்படுத்தக் கூடியதாக்கியது சட்டம். 1980 அக்டோபர் 14 அன்று ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட ஸ்டாகர்ஸ் ரயில் சட்டம், கட்டணத்தைத் தாமே நிர்ணயிக்கவும், வாடிக்கையாளருடன் தனி ஒப்பந்தம் செய்யவும், வேண்டாத தடங்களை விரைவில் விற்கவும் கைவிடவும் பெரும்பாதைகளுக்கு உரிமை அளித்தது. 1985 இறுதியில் ஆணையம், புதிய கம்பெனி ஒன்று தடத்தை வாங்குமாயின் நீண்ட விசாரணையின்றி அதற்கு விலக்களிக்கும் நடைமுறையை ஏற்படுத்தியது. விளைவு பெருவெள்ளம்: 1980இல் 200ஐ ஒட்டி இருந்த குறும்பாதைகளின் எண்ணிக்கை அடுத்த இருபதாண்டுகளில் மும்மடங்காயிற்று.

இவ்விற்பனைகளின் மறுபக்கத்தை ரயில் முதலாளிகளின் வரலாறுகள் விரைந்து கடந்துவிடுவது வழக்கம். பெரும்பாதையின் கையில் நட்டம் தந்த அதே தடம் குறும்பாதையின் கையில் இலாபம் தந்ததற்கு வாடிக்கையாளர் கவனிப்பு ஒரு காரணம் என்றால், கூலி மற்றொரு காரணம். நான்கைந்து பேர் செய்த வேலையை இருவர் செய்தனர், ஓட்டுநரே தேவைப்பட்டால் தண்டவாளக் கட்டையும் மாற்றினார், பழைய தொழிற்சங்க ஒப்பந்தங்கள் புதிய கம்பெனியைக் கட்டவில்லை. தடம் விற்கப்படும்போது வேலை இழந்தோருக்கு ஆறாண்டுவரை இழப்பீடு தரும் பழைய பாதுகாப்பு அந்த விலக்கு நடைமுறையில் இல்லாமற்போனது. தொழிற்சங்கங்கள் நீதிமன்றம் ஏறின. பிட்ஸ்பர்க் அண்ட் லேக் ஈரி கம்பெனி பற்றிய வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம், விற்பது என்ற முடிவைப் பற்றி முன்கூட்டிப் பேச்சு நடத்தக் கம்பெனி கடமைப்படவில்லை என்று தீர்ப்பளித்தபின் எதிர்ப்பு தளர்ந்தது. இலாபத்தின் ஒரு பகுதி திறமையிலிருந்து வந்ததா, தொழிலாளரின் இழப்பிலிருந்து வந்ததா என்பதை ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியே ஆராய்ந்தாலன்றிச் சொல்ல இயலாது. இரண்டும் கலந்திருந்தன என்பது மட்டும் உறுதி.

விற்ற பெரும்பாதைகளும் கையை முழுதும் விடவில்லை. வாங்கிய குறும்பாதை தன் சரக்கை விற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும், போட்டிக் கம்பெனியின் தடம் நூறடித் தொலைவில் இருந்தாலும் அங்கே தரக் கூடாது, தந்தால் ஒவ்வொரு வேகனுக்கும் தண்டம் என்ற நிபந்தனைகள் விற்பனைப் பத்திரங்களில் எழுதப்பட்டன. தண்டவாளம் இருந்தும் தாளில் உள்ள எழுத்து வழிமறித்ததால் இவற்றுக்குத் ‘தாள் தடுப்பு’ என்று பெயர் வந்தது. பழைய ரெட்சாஃப் பாதையின் வலிமை பல முனைகளைத் தொட்டதில் இருந்தது என முன்பு கண்டோம். 1980களுக்குப் பின் பிறந்த குறும்பாதைகளுள் பல அவ்வலிமையைப் பிறப்பிலேயே எழுதிக் கொடுத்துவிட்டன.

ஃபுல்லரின் கம்பெனி 1985இல் அண்டையிலிருந்த மற்றொரு சிறு பாதையான டான்ஸ்வில் அண்ட் மவுண்ட் மாரிஸை வாங்கியது. 1986இல் சிஎஸ்எக்ஸ் பெரும்பாதை கைவிட விரும்பிய தடத்தைப் பெற்று ராச்செஸ்டர் அண்ட் சதர்ன் என்ற கம்பெனியையும், 1988இல் அதே வழியில் பஃபலோ அண்ட் பிட்ஸ்பர்க் என்ற கம்பெனியையும் அமைத்தது. இடையே 1987இல் நெடுந்தொலைவு தள்ளி லூயிசியானாவில் சதர்ன் பசிபிக் பெரும்பாதையின் கிளைத்தடங்களை ஏற்று லூயிசியானா அண்ட் டெல்டா உருவாயிற்று. காகிதம், நிலக்கரி, எஃகு, கரும்புச் சர்க்கரை என்று சரக்குகள் பலவாயின. ஒவ்வொரு பாதையும் தனிக் கம்பெனியாகவே இருந்து, அந்தந்த ஊரில் அதிகாரமுள்ள மேலாளரைக் கொண்டிருக்க, மேலே ஒரு தாய்க்கம்பெனி நிதியையும் காப்பீட்டையும் எஞ்சின் வாங்குதலையும் கவனித்தது.

சுரங்கம் அழிவதற்குள் இது நடந்திருந்தது நல்லூழ் என்றே சொல்ல வேண்டும். 1994 மார்ச் 12 அதிகாலை, ரெட்சாஃப் பகுதியில் 3.6 அளவுள்ள நிலநடுக்கம் பதிவாயிற்று. இயற்கை நடுக்கம் அன்று, சுரங்கத்தின் தென்பகுதியில் ஒரு பெரிய அறைத்தொகுதியின் கூரை இடிந்து விழுந்த அதிர்ச்சி அது. அப்பகுதியில் பழைய பருத்த தூண்களுக்குப் பதிலாக, மேற்பளுவுக்கு மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும் எனக் கருதிச் சிறு தூண்களை விடும் முறை சில காலமாகக் கையாளப்பட்டிருந்தது. விரிசல் வழியே மேலேயுள்ள பனியூழிப் படிவுகளின் நிலத்தடி நீர் கொட்டத் தொடங்கியது. அடுத்த மாதம் மற்றொரு தொகுதியும் விழுந்தது. தரைமட்டத்தில் கைலர்வில் சிற்றூரருகே பெருங்குழிகள் தோன்றின, நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று சரிந்தது, சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் வற்றின. எவரும் உயிரிழக்கவில்லை. நீரை இறைத்து வெளியேற்றும் முயற்சிகள் பலிக்காமல், வட அமெரிக்காவின் மிகப் பெரியது எனக் கருதப்பட்ட, ஏறக்குறைய பத்துச் சதுர மைல் பரப்புக்குக் குடையப்பட்டிருந்த அந்த உப்புச் சுரங்கம் இரண்டாண்டுக்குள் முழுவதும் நீரால் நிரம்பிற்று. உப்பு நீரில் கரையும் என்ற எளிய உண்மையால் மீட்பதற்கும் வழியில்லாமற்போனது.

இது 1974இல் நேர்ந்திருந்தால் 14 மைல் பாதையின் தண்டவாளங்கள் பழைய இரும்பு விலைக்குப் போயிருக்கும். 1994இல் தாய்க்கம்பெனிக்கு அது தாங்கக்கூடிய நட்டமாயிற்று. 1996இல் அதன் பங்குகள் பொதுச் சந்தைக்கு வந்தன. சுரங்கத்தைக் கைவிட்ட அக்ஸோ புதிய குழி தோண்டும் எண்ணத்தையும் விட்டுவிட, அமெரிக்கன் ராக் சால்ட் என்ற புதிய நிறுவனம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டு, பழைய சுரங்கத்துக்குத் தெற்கே ஹாம்ப்டன் கார்னர்ஸ் என்னும் இடத்தில் 1990களின் இறுதிக்குள் புதிய சுரங்கத்தைத் தோண்டியது. அங்கிருந்து உப்பை ஏற்றும் பணி ராச்செஸ்டர் அண்ட் சதர்னுக்குக் கிடைத்தது. 1899இன் ஜெனசீ அண்ட் வயோமிங் ரயில்ரோடு 2003இல் தன் சகோதரக் கம்பெனியான அதே ராச்செஸ்டர் அண்ட் சதர்னோடு இணைக்கப்பட்டுத் தனிக் கம்பெனியாக இல்லாமற்போயிற்று; பெயர் தாய்க்கம்பெனியிடம் தங்கியது.

சரக்கைப் போலவே தண்டவாளமும் குறும்பாதைகளைச் சோதித்தது. 1990களில் பெரும்பாதைகள் ஒரு வேகனின் மொத்த எடை வரம்பை 2,63,000 பவுண்டிலிருந்து 2,86,000 பவுண்டாக, அதாவது ஏறத்தாழ 119 டன்னிலிருந்து 130 டன்னாக உயர்த்தின. தம் கனத்த தண்டவாளத்தில் அவற்றுக்கு இது சுத்த இலாபம். நூறாண்டுக்கு முன் போட்ட மெலிந்த தண்டவாளமும் பழைய மரப்பாலங்களும் கொண்ட குறும்பாதையிலோ அதே வேகன் கட்டைகளை முறித்தது. கனத்த வேகனை ஏற்க மறுத்தால் வாடிக்கையாளர் லாரிக்கு மாறுவார். ஏற்றால் பாதை நொறுங்கும். சில வேகன்களின் வருமானத்தைக் கொண்டு மைல்கணக்கில் தண்டவாளம் மாற்றுவது முடியாதென்பதை ஒப்புக்கொண்ட நாடாளுமன்றம் 2004இல் ஒரு வரிச்சலுகையை இயற்றியது: குறும்பாதை தன் தடப் பராமரிப்புக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 50 சென்ட் வரியில் கழிக்கப்படும், மைலுக்கு 3,500 டாலர் என்ற உச்சவரம்புக்குள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட்டுவந்த இச்சலுகை 2020 டிசம்பரில் நிலையான சட்டமாயிற்று. அதன்படி 2023முதல் விகிதம் 40 சென்ட்.

எல்லாக் குறும்பாதைகளும் இதே திசையில் செல்லவில்லை. பென்சில்வேனியாவில் 1832இல் சாசனம் பெற்ற, நாலரை மைலே நீளமான ஸ்ட்ராஸ்பர்க் பாதை சரக்கு வற்றி மூடப்படும் தறுவாயில் 1958இல் ரயில் ஆர்வலர் சிலரால் வாங்கப்பட்டு, நீராவி எஞ்சினில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி அந்த வருவாயில் இன்றும் சரக்கையும் சேர்த்து ஓட்டிவருகிறது. ஒரே ஊரின் குடும்பத்திடமோ விவசாயிகளின் கூட்டுறவிடமோ இருக்கும் பாதைகளும் உள்ளன. ஆயினும் பணமும் எண்ணிக்கையும் குவிந்தது தாய்க்கம்பெனிகளிடமே. ஜெனசீ அண்ட் வயோமிங் 1997இல் ஆஸ்திரேலியாவிலும் 1999இல் மெக்சிகோவிலும் தடங்களை ஏற்று, 2005இன் ஸ்டான் சூறாவளியில் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்ட மெக்சிகோப் பாதையை 2007இல் கைவிட்டு, 2012இல் தன் நேர்போட்டியாளரான ரெயில்அமெரிக்காவை ஏறத்தாழ 140 கோடி டாலருக்கு விழுங்கி, 2015இல் பிரிட்டனின் ஃப்ரெய்ட்லைனரையும் வாங்கியது. 2019இல் புரூக்ஃபீல்டு என்னும் கனடிய முதலீட்டு நிறுவனமும் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிதியமான ஜிஐசியும் கடன்களோடு சேர்த்து ஏறத்தாழ 840 கோடி டாலர் மதிப்பில் அதை வாங்கியபோது அதனிடம் 120 அளவில் ரயில் கம்பெனிகள் இருந்தன.

அந்த 120இல் பெரும்பாலானவை சட்டத்தின் பார்வையில் இன்னும் மூன்றாம் வகுப்புக் குறும்பாதைகளே, ஏனெனில் வருவாய் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியே கணக்கிடப்படுகிறது. தாய்க்கம்பெனியின் மொத்த வருவாய் அந்தக் கணக்கில் வருவதில்லை. பத்து மைல் பாதையைத் தன்னந்தனியாக நடத்தும் ஊர்க் குடும்பத்துக்கும் பல நூறு கோடி டாலர் சொத்துடைய நிறுவனத்தின் கிளைக்கும் மைலுக்கு ஒரே வரிச்சலுகை கிடைப்பது அதனால்தான். சலுகை தண்டவாளத்துக்கே, உரிமையாளருக்கு அன்று, தாய்க்கம்பெனியின் இலாபத்தைக் கொண்டு ஒரு கிராமத்துத் தடத்தைப் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை என்பது ஆதரிப்போரின் வாதம். தண்டவாளத்தின் அளவில் அது சரியே. ஆனால் 2004இல் அந்தச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் காட்டப்பட்ட முகம், ஒற்றை எஞ்சினும் ஒரே வாடிக்கையாளரும் கொண்ட, 1899இன் ரெட்சாஃப் பாதையை ஒத்த கம்பெனியின் முகமே.